கருப்பட்டிச் சீமையின் இரண்டடி ரயில்

2023 டிசம்பர் 17 இரவு, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தோடு நின்றுபோனது. செய்துங்கநல்லூர்ப் பக்கம் ஜல்லியும் மண்ணும் வெள்ளத்தில் போய், தண்டவாளம் மட்டும் அந்தரத்தில் தொங்கியது. ஏறக்குறைய 800 பயணிகள் சிக்கினார்கள். கடைசிப் பயணி வெளியேற இரண்டு நாள் ஆனது. அதுவரை கள்ளபிரானைச் சேவிக்க வருகிறவர்களுக்கு மட்டுமே தெரிந்திருந்த அந்த நிலையத்தை அன்று நாடே தொலைக்காட்சியில் பார்த்தது.

இந்தப் பாதை திறந்தது 1923இல். திருச்செந்தூருக்கு வந்த முதல் ரயில் இதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. அதற்கு எட்டு வருஷம் முன்னாலேயே அங்கே வேறொரு ரயில் ஓடிக்கொண்டிருந்தது. தண்டவாளங்களுக்கு நடுவே இரண்டடிதான் இடைவெளி. பொம்மை ரயில் அளவு. திருச்செந்தூரிலிருந்து குலசை என்கிற குலசேகரன்பட்டினம், உடன்குடி வழியாகத் திசையன்விளை வரை நாற்பது கிலோமீட்டருக்கு மேல் தேரி மணலில் போனது. நடத்தியது பாரி கம்பெனி வகையறா. குலசையில் அவர்களுக்குச் சீனி ஆலை இருந்தது. அதற்குக் கரும்பு தேவையில்லை, பனைதான் மூலப்பொருள். பனங்காட்டுச் சரக்கைத் துறைமுகத்துக்குச் சேர்க்கத்தான் இந்த ரயில். கூடவே ஆட்களும் ஏறிக்கொண்டார்கள். 1940இல் ஓட்டம் நின்றது.

அதே குலசையில்தான் 2024 பிப்ரவரி 28 அன்று இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். மதிப்பீடு 986 கோடி ரூபாய். அன்றே ஒரு சிறிய ரோகிணி ராக்கெட்டையும் விட்டுப் பார்த்தார்கள்.

ஏன் குலசை? துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் செயற்கைக்கோளை நேர் தெற்கே ஏவ வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அப்படி ஏவினால் குறுக்கே இலங்கை. கழன்று விழும் பாகங்கள் ஊர்மேல் விழலாகாது என்பதால், ராக்கெட் முதலில் தென்கிழக்கே விலகிப் போய்ப் பிறகு திரும்ப வேண்டும். பெரிய ராக்கெட் அந்தச் சுற்றுவழிச் செலவைத் தாங்கும். 120 டன் எடையுள்ள எஸ்.எஸ்.எல்.வி. என்ற இஸ்ரோவின் சிறிய ராக்கெட்டுக்கு அது கட்டுப்படியாகாது. சுமக்கக்கூடியதே 500 கிலோதானே. குலசைக்குத் தெற்கே வெறும் கடல். அன்று பாரி கம்பெனிக்கு வேண்டியிருந்ததும் அந்தக் கடல்தான்.

ஏவுதளமும் ரயிலும் மற்ற நாடுகளில் பழைய கூட்டாளிகள். 1955இல் சோவியத் நாடு பைக்கனூருக்கு இடம் பார்த்தபோது, துரத்தாம் என்ற ரயில் நிலையம் அருகே இருந்தது பெரிய வசதியாயிற்று. இன்றும் அங்கே ராக்கெட் படுத்தபடி ரயிலில்தான் ஏவுமேடைக்குப் போகிறது. அமெரிக்காவில் ஸ்பேஸ் ஷட்டில் விண்கலத்தின் பக்கவாட்டு ராக்கெட்டுகள் யூட்டா மாநிலத்தில் தயாராகி, துண்டு துண்டாக ரயிலேறி ஃபுளோரிடா வந்தன. கடைசிச் சில மைல்களை இழுக்க நாசாவே 61 கிலோமீட்டர் பாதையைச் சொந்தமாக வைத்திருந்தது. 1983இல் வாங்கிய அந்தக் குட்டி ரயில்வேயை 2015இல் மூடிவிட்டார்கள்.

நம்மூரில் முறை மாறிவிட்டது. ரயில் போய் எண்பத்து நான்கு வருஷம் கழித்துத்தான் ராக்கெட் வருகிறது. எஸ்.எஸ்.எல்.வி.யின் குறுக்களவு 2 மீட்டர். அந்தப் பழைய பாதையின் அகலத்தைப்போல மூன்று மடங்குக்கு மேல். பழைய ரயில் இன்று இருந்தாலும் அதை ஏற்றியிருக்க முடியாது என்பது வேறு விஷயம்.

ஸ்ரீவைகுண்டம் தாண்டிய வண்டி ஆழ்வார்திருநகரி, நாசரேத், ஆறுமுகநேரி என்று நின்று திருச்செந்தூரில் முடிகிறது. அங்கிருந்து குலசைக்குப் பஸ் பிடிக்க வேண்டும்.