படிமுறை எதிர்ப்புப் பயிற்சி

படிமுறை எதிர்ப்புப் பயிற்சி என்பது, காயத்தாலோ நோயாலோ நலிந்த தசைகள் மீண்டும் வலுப்பெறும் பொருட்டு, அவை தூக்கும் எடையை அளவறிந்து கூட்டிச் செல்லும் இயன்மருத்துவ முறையாகும்.

வரலாறு

இரண்டாம் உலகப் போரில் காலில் காயமுற்ற அமெரிக்கப் படைவீரர்கள் பலர் மாதக்கணக்கில் மருத்துவமனைகளில் தங்க நேர்ந்தது. எலும்பு கூடிய பின்னரும், அசையாது கிடந்த காலின் தசை மெலிந்திருந்ததால் அவர்களால் இயல்பாக நடக்க இயலவில்லை. சிறு எடையைப் பலமுறை தூக்கச் செய்வதே அக்கால வழக்கம். இது தசையின் தாங்குதிறனை வளர்க்குமேயன்றி வலுவை அவ்வளவாக வளர்ப்பதில்லை.

சிகாகோவிலிருந்த கார்டினர் இராணுவ மருத்துவமனையின் மருத்துவர் தாமசு டெலார்ம் இதை மாற்றினார். இளமையில் வாதக் காய்ச்சலால் படுக்கையில் கிடந்து, பின்பு பளுதூக்கி உடலைத் தேற்றிக்கொண்டவர் அவர். எடைத் தட்டுகள் பொருத்திய இரும்புக் காலணியை நோயாளியின் பாதத்தில் கட்டி, முழங்காலை நீட்டச் செய்தார். இம்முறை பற்றிய அவரது கட்டுரை 1945 இல் வெளியானது.

செய்முறை

ஒருவர் பத்து முறை மட்டுமே தூக்கக்கூடிய எடை முதலில் கண்டறியப்படுகிறது. அது 10 கிலோ எனில், 5 கிலோவை 10 முறை, 7.5 கிலோவை 10 முறை, இறுதியாக 10 கிலோவை 10 முறை என மூன்று சுற்றுகள் செய்ய வேண்டும். வாரம் ஒருமுறை அவ்வெடை மீண்டும் அளக்கப்பட்டு, அதற்கேற்பச் சுற்றுகளும் உயர்த்தப்படும். டெலார்ம் தொடக்கத்தில் 7 முதல் 10 சுற்றுகள் வரை செய்வித்தார். அது மிகை எனக் கண்டு, வாட்கின்சு என்பவருடன் சேர்ந்து 1948 இல் மூன்றாகக் குறைத்தார். பெரிய எடையை எட்டுமுன் நோயாளி களைத்துவிடுவதால், 1951 இல் வெளியான ஆக்சுபோர்டு முறை இவ்வரிசையைத் தலைகீழாக்கியது.

முதியோரும் வலுப்பயிற்சியும்

1990 இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், பராமரிப்பு இல்லத்தில் வாழ்ந்த, சராசரியாக 90 அகவையுடைய பத்துப் பேர் 8 வாரத் திட்டத்தில் சேர்ந்தனர். பயிற்சியை முடித்தோரின் தொடை வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியது. தசைப் பருமனோ ஏறத்தாழ 9 விழுக்காடே கூடியது. தொடக்கத்தில் வலு பெருகுவது பெரும்பாலும் நரம்புகள் தசையைத் திறம்பட இயக்கக் கற்பதால்தான். ஆகவே, கால் பருக்கவில்லை என்று சில வாரங்களிலேயே பயிற்சியைக் கைவிடுவது தவறு.

எலும்பு கூடாத முறிவு, கடும் மூட்டு அழற்சி ஆகியவை உள்ள பகுதிக்கு இப்பயிற்சி ஒத்திவைக்கப்படுகிறது.