தறியில் பிறந்த திரை

மட்டக்களப்பில் ஒரு கோயில் திருவிழாவுக்கு இறுவட்டு வெளியிட வேண்டுமென்றால், பாட்டெழுதியவரும் பாடுபவரும் மத்தளக்காரரும் கடைசியில் வந்து உட்காருவது ஒரு கணினித் திரைக்கு முன்னால்தான். அந்தத் திரையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இடது ஓரத்தில் பியானோக் கட்டைகள் நிமிர்ந்து நிற்கும். வலப்பக்கம் முழுக்கக் கட்டங்கள். கட்டங்களுக்குள் நீளமும் குட்டையுமாய் நிறக் கோடுகள். ஒவ்வொரு கோடும் ஒரு சுரம். கீழே குமிழ்களும் ஃபேடர்களும் படமாக வரையப்பட்டிருக்கும். மேலே பழைய ஒலிநாடாக் கருவியில் இருந்த அதே முக்கோணப் பொத்தான், அதே சிவப்பு வட்டம்.

யோசித்துப் பார்த்தால் இவற்றில் ஒன்றுகூடக் கணினிக்கு வேண்டியதில்லை. அதற்குள் நாடாவும் சுற்றவில்லை, பியானோவும் இல்லை. சுட்டியைப் பிடித்து வட்டக் குமிழைத் திருப்ப முயன்று அலுத்துக்கொள்ளாதவர்கள் குறைவு. பிறகு ஏன் இந்தச் சாமான்கள் எல்லாம் திரையில் வந்து குடியேறின? பாக்தாத்தின் மூன்று சகோதரர்கள், லியோன் நகரத்து நெசவாளர்கள், அமெரிக்க உச்ச நீதிமன்றம், எண்ணெய்க் கிணறு தேடிய ஒரு பொறியியலாளர் என்று பலபேர் கைமாற்றிவிட்ட பண்டம் இது.

முதலில் நம் வீட்டிலிருந்தே தொடங்கலாம். சுரத்துக்கு ஓர் இடம் கொடுத்து அதைக் கண்ணால் காணும் யோசனை சிலப்பதிகாரத்திலேயே இருக்கிறது. வைகாசியில் கண்ணகிக்குக் குளிர்த்தி பாடும் ஊர்களுக்கு ஆய்ச்சியர் குரவையை அறிமுகம் செய்யத் தேவையில்லை. அதில் ஆயர்குல மாதரி ஏழு பெண்களுக்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று சுரங்களின் பெயரைச் சூட்டி வட்டமாக நிறுத்துகிறாள். யார் எங்கே நிற்கிறாள் என்பதே எந்தச் சுரம் என்பதைச் சொல்லிவிடும். பன்னிரண்டு இராசி வீடுகளில் சுரங்களை அமர்த்தும் வட்டப்பாலையும் இதே வழியில் வந்ததுதான். இன்றைய திரையிலும் ஒரு தாயிக்குப் பன்னிரண்டு வரிசைகள். ஆனால் வட்டப்பாலை சுரத்தின் இடத்தை மட்டுமே காட்டும். அது எப்போது தொடங்கி எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைக் காட்டாது.

நேரத்தையும் நீளமாக்கிக் காட்டியவர்கள் பாக்தாத்தில் இருந்தார்கள். 9ஆம் நூற்றாண்டில், மூசாவின் மைந்தர்கள் எனப்பட்ட மூன்று சகோதரர்கள் தண்ணீரின் விசையில் தானாக ஊதும் ஒரு குழல் கருவியை விவரித்து எழுதினார்கள். அதன் உயிர், முள் பதித்த ஓர் உருளை. உருளை சுழலச் சுழல முட்கள் குழலின் துளைகளைத் திறந்து மூடும். உருளையின் குறுக்கே போனால் சுரம் மாறும், சுற்றிப் போனால் நேரம் நகரும். முட்களை இடம் மாற்றினால் பாட்டே மாறிவிடும். திரையில் நாம் காணும் கட்டம் அங்கேயே உருவாகிவிட்டது. ஒரு கொட்டனைச் சுற்றி வளைந்திருந்தது, அவ்வளவுதான். ஐரோப்பாவின் மணிக்கூண்டுகளில் இந்த உருளை பெரும் பீப்பாயாகப் பருத்தது. 1796ஆம் ஆண்டில் ஜெனீவாவின் மணிக்கூட்டுத் தொழிலாளி அன்டுவான் ஃபாவ்ர், எஃகுப் பற்களை மீட்டும் சிறு உருளையாக அதைச் சட்டைப்பைக்குள் அடக்கினார்.

உருளைக்கு ஒரு குறை இருந்தது. அது ஒரு சுற்றுச் சுற்றி முடிந்தால் பாட்டும் முடிந்தது. புதுப் பாட்டு வேண்டுமென்றால் புது உருளை வேண்டும், அதற்குக் காசும் அதிகம். இந்த முடிச்சை அவிழ்த்தவர்கள் இசைக்காரர்கள் இல்லை, பட்டு நெய்தவர்கள்.

மட்டக்களப்பிலிருந்து கரையோரமாகத் தெற்கே போனால் மருதமுனை. அங்கே கைத்தறிச் சாரமும் சேலையும் நெய்பவர்களுக்கு, எந்த இழை மேலே ஏற வேண்டும், எது கீழே தங்க வேண்டும் என்பதுதான் கோலத்தின் இரகசியம் என்று தெரியும். 1725ஆம் ஆண்டில் பிரான்ஸின் லியோன் நகரத்தில் பசீல் பூஷோன் என்பவர் அந்த இரகசியத்தைத் துளையிட்ட தாள் சுருளிடம் ஒப்படைத்தார். துளை இருந்தால் ஓர் இழை, இல்லாவிட்டால் மற்றது. இதில் வேடிக்கை, பூஷோன் ஓர் ஓர்கன் வாத்தியம் செய்பவரின் மகன். உருளையில் முள் அடிப்பதற்கு முன் அதன் இடங்களைத் தாளில் குறித்துக்கொள்வது அவருடைய குடும்பத் தொழிலின் வழக்கம். இசைப் பட்டறையில் கிடந்த தாளை அவர் தறிக்குக் கொண்டுபோனார். 1804ஆம் ஆண்டில் ஜக்கார் அட்டைக் கோவையால் இயங்கும் தறியைச் செய்து புகழ் பெற்றார்.

தறி வாங்கிய கடனை இசை திரும்ப வாங்கிக்கொண்டது. 1842ஆம் ஆண்டில் அதே லியோனில் குளோட் செய்த்ர் என்பவர் துளையிட்ட அட்டையால் பியானோ வாசிக்கும் கருவிக்கு உரிமை பெற்றார். 1892ஆம் ஆண்டில் பாரிஸின் கவியோலி நிறுவனம், மடித்து அடுக்கிய அட்டைப் புத்தகத்தால் தெரு ஓர்கன்களைப் பாடவைத்தது. அட்டையைச் சேர்த்துக்கொண்டே போகலாம் என்பதால் பாட்டுக்கு நீள எல்லை இல்லாமல் போனது.

அமெரிக்காவில் இந்தச் சரக்கு வீட்டுக்கு வீடு போனது. 1895ஆம் ஆண்டில் டெட்ராய்ட்டில் எட்வின் வோட்டி தம் வீட்டுப் பட்டறையில் பியானோலாவைச் செய்தார். பியானோவின் முன் தள்ளிவைத்து, காலால் மிதித்தால், துளையிட்ட தாள் சுருள் சொல்கிறபடி மரவிரல்கள் கட்டைகளை அழுத்தும். ஏயோலியன் நிறுவனம் அதை விற்றுத் தள்ளியதும் போட்டிக்காரர்களும் புறப்பட்டார்கள். ஆளுக்கோர் அளவில் சுருள் செய்ததால் ஒருவர் சுருள் மற்றவர் கருவியில் ஓடவில்லை. 1908ஆம் ஆண்டில் பஃபலோ நகரில் கூடிய உற்பத்தியாளர்கள், 11¼ அங்குல அகலம், 88 சுரங்கள் என்று ஒரு பொது அளவுக்கு உடன்பட்டார்கள்.

அதே ஆண்டில் ஒரு வழக்கும் முடிந்தது. பாடல்களைக் காசு கொடுக்காமல் சுருளில் துளையிட்டு விற்ற அப்பொல்லோ நிறுவனத்தின் மீது வைட்-ஸ்மித் என்னும் பதிப்பகம் வழக்குப் போட்டிருந்தது. மனிதர் பார்த்துப் படித்துப் புரிந்துகொள்ளும் வடிவில் சுருள் இல்லை, எனவே அது பாட்டின் பிரதி ஆகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்தது. படைப்பாளிகள் கொதித்தார்கள். அடுத்த ஆண்டே சட்டம் மாறி, ஒரு சுருளுக்கு இரண்டு சதம் என்று கட்டணம் விதிக்கப்பட்டது. கண்ணால் படிக்க முடியாது என்று நீதிபதிகள் சொன்ன அந்தத் துளைக் கோலத்தைத்தான் இன்று பத்து வயதுப் பிள்ளைகளும் திரையில் பார்த்துப் பாட்டமைக்கிறார்கள்.

வானொலியும் இசைத்தட்டும் வந்து, 1929இன் பொருளாதார வீழ்ச்சியும் சேர்ந்து, பியானோலாவைச் சந்தையிலிருந்து விரட்டின. அதன்பிறகும், மெக்சிகோவில் ஒதுங்கி வாழ்ந்த கொன்லன் நன்காரோ என்ற இசையமைப்பாளர், மனித விரலால் வாசிக்க முடியாத வேகங்களுக்காகப் பல பத்தாண்டுகள் சுருளில் கையாலேயே துளையிட்டுக்கொண்டிருந்தார்.

அந்த இடைவெளியில் திரையின் மற்ற உறுப்புகள் வேறு வழிகளில் புறப்பட்டு வந்தன. ஜேர்மனியில் 1935ஆம் ஆண்டில் காட்டப்பட்ட காந்த நாடாக் கருவி வகையில் இரண்டை, போர் முடிந்ததும் ஜோன் மல்லின் என்ற அமெரிக்கப் படைவீரர் கழற்றிப் பொதி செய்து ஊருக்கு அனுப்பினார். அந்த இரண்டைப் பார்த்துத்தான் அம்பெக்ஸ் நிறுவனம் 1948இல் தன் கருவியைச் செய்தது. அதன்பின் உலகமே நாடாவுக்கு மாறியது. ஓட்டு, நிறுத்து, பதி என்ற பொத்தான்கள் எல்லோர் விரலுக்கும் பழகின. ஃபேடருக்கு நன்றி சொல்ல வேண்டியது நியூயோர்க்கின் அட்லாண்டிக் நிறுவனத்தில் வேலை செய்த டொம் டவுடுக்கு. உருட்டும் குமிழ் என்றால் ஒரு கைக்கு ஒன்றுதான். தள்ளும் ஃபேடர் என்றால் பத்து விரலாலும் பல ஒலிகளை ஒரே நேரத்தில் ஆளலாம் என்று அவர் கண்டார். ஒரே ஒரு சுட்டியோடு வேலை செய்யும் நமக்கு அந்தப் படம் மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது.

1979ஆம் ஆண்டில் சிட்னியில் பீட்டர் வோகலும் கிம் ரைரியும் செய்த ஃபெயார்லைட் என்னும் கணினி வாத்தியம் வெளிவந்தது. ஒளிப் பேனாவால் திரையைத் தொட்டு ஒலியை வரையலாம். 1982ஆம் ஆண்டில் அதில் சேர்ந்த ஒரு பக்கம், சுரங்களைத் திரையில் வரிசையாக ஓடவிட்டது. விலையோ ஒரு வீட்டின் விலை. அதை எளியவர் கைக்குக் கொண்டுவந்தது ஓர் உடன்பாடு. 1983ஆம் ஆண்டில் அமெரிக்கரான டேவ் ஸ்மித்தும் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனர் இகுதாரோ ககேஹாஷியும் முன்னின்று கொண்டுவந்த மிடி என்ற பொது மொழியில், போட்டி நிறுவனங்களின் வாத்தியங்கள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கின. 1985இல் வந்த அட்டாரி எஸ்.டி. என்ற மலிவுக் கணினி, மிடி செருகியோடேயே பிறந்தது. பஃபலோவில் சுருள்காரர்கள் செய்ததை இவர்கள் மின்கம்பியில் செய்து முடித்தார்கள்.

தமிழ்த் திரையிசை இந்த அலையைச் சட்டென்று பிடித்துக்கொண்டது. 1986இல் வெளிவந்த 'புன்னகை மன்னன்' படத்தில் இளையராஜா கணினியில் கோத்த இசையைச் சேர்த்தார். 1989இல் ஏ.ஆர். ரகுமான் சென்னையில் தம் வீட்டோடு பஞ்சதன் ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்தார். 1992இல் அவர் இசையில் 'ரோஜா' வந்தது.

அதே 1989இல் ஜேர்மனியின் ஹம்பர்க்கில் ஸ்டைன்பெர்க் நிறுவனம் அட்டாரிக்காகக் கியூபேஸ் மென்பொருளை வெளியிட்டது. மேலிருந்து கீழாகப் பாட்டு வரிகள், இடமிருந்து வலமாக நேரம் என்ற அதன் அமைப்பைப் பின்னால் வந்த ஏறக்குறைய எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். பியானோலாவில் தாள் மேலிருந்து கீழே ஓடும், கட்டைகள் படுத்திருக்கும். மென்பொருள்காரர்கள் அந்தத் தாளைப் பக்கவாட்டில் திருப்பி ஓடவிட்டபோது பியானோவும் கூடவே எழுந்து நின்றுகொண்டது.

பெல்ஜியத்தில் டிடியே டாம்பிரான் என்ற நிரலாளர் 1997இல் எழுதிய ஃப்ரூட்டிலூப்ஸ், முதலில் நான்கு வரிசைத் தாளப்பெட்டி மட்டுமே. ரோலண்டின் 1980ஆம் ஆண்டுத் தாளக் கருவியில் பதினாறு பொத்தான்கள் நான்கு நான்காக நிறம் பிரிந்திருந்தன. ஏறக்குறைய அதே வரிசை இதிலும் வந்தது. பிறகு எஃப்.எல். ஸ்டூடியோ என்று பெயர் மாறிய இது, விலை கொடுத்தும் கொடுக்காமலும் தெற்காசியாவின் சிறிய அறைகளை எல்லாம் ஒலிப்பதிவுக் கூடங்களாக்கியது. சுவீடனின் ரீசன் மென்பொருள் இன்னும் ஒரு படி மேலே போனது. கருவிப் பெட்டிகளைத் திருப்பினால் பின்பக்கக் கம்பிகள் ஊஞ்சலாடும்! 2001இல் பெர்லினிலிருந்து வந்த ஏபிள்டன் லைவ் இந்த அலங்காரத்தைக் களைந்து, வெறும் சதுரங்களோடு மேடைக்கு வந்தது.

இனி எண்ணெய்க்காரர். நிலத்துக்குள் அதிர்வை அனுப்பி, திரும்பும் எதிரொலியிலிருந்து எண்ணெய் இருக்கும் இடத்தைக் கணிப்பது அண்டி ஹில்டபிராண்டின் தொழில். அதே கணிதத்தால் பாடகரின் சுருதியை அளந்து திருத்தலாம் என்று கண்டு, 1997இல் ஓட்டோ-டியூன் மென்பொருளை வெளியிட்டார். 2001இல் ஜேர்மனியின் மெலோடைன் அந்தச் சுருதியை வளைகோடாகவே வரைந்து காட்டியது. நம்மவர் ஒருவர் பாடிய தேவாரத்தை அதில் திறந்து பாருங்கள். கமகம் கட்டத்துக்குக் கட்டம் தாவுவதில்லை. கோடுகளுக்கு இடையில் வழுக்கி, சுழித்து, ஏறி இறங்கிப் போகும். கட்டம் வேறு யாருக்கோ அளவெடுத்துத் தைத்தது என்பது கண்ணுக்கே தெரியும்.

அந்த அளவு ஐரோப்பியப் பியானோவின் அளவு. ஒரு தாயியைப் பன்னிரண்டு சம பங்காக வெட்டிய கட்டம் அது. அதில் இயற்கையான அந்தர காந்தாரம் இல்லை. ஷட்ஜத்தோடு அது கொள்ளும் விகிதம் 1.25 ஆக இருக்க, கட்டம் கொடுப்பது ஏறக்குறைய 1.26. பயின்ற காது அந்த வித்தியாசத்தைப் பிடித்துவிடும்.

இந்தக் கணக்கைக் கிழக்குக் கரை மனிதர் ஒருவர் எப்போதோ போட்டிருக்கிறார். 1892இல் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. சிலப்பதிகாரத்தின் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு பழந்தமிழ் யாழ்களை மீட்டெடுக்க முனைந்தவர், ஒரு தாயியின் இருபத்திரண்டு அலகுகளையும் கணித வழியில் ஆராய்ந்து 'யாழ் நூல்' எழுதினார். 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் நூல் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். கல்லடியில் அவர் சமாதி இருக்கிறது. அதே ஊரில் அவர் பெயரைத் தாங்கிய அழகியற் கற்கைகள் நிறுவகம் இசை மாணவர்களைப் பயிற்றுகிறது.

மென்பொருள்களும் இப்போது இறங்கி வந்திருக்கின்றன. 2024இல் வந்த ஏபிள்டன் லைவ் 12, பியானோவின் பன்னிரண்டை விட்டு வேறு சுருதி முறைகளையும் கட்டத்தில் ஏற்றிக்கொள்கிறது. அதற்குத் தேவையானது ஸ்காலா எனப்படும் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. முதலில் ஒரு விவர வரி, பிறகு எத்தனை சுரம் என்று ஓர் எண், அதன் கீழே வரிக்கு ஒன்றாக விகிதங்கள், அவ்வளவே. மூசாவின் மைந்தர் முதல் பெர்லின்காரர் வரை ஒவ்வொருவரும் தமக்கு முன் இருந்ததை எடுத்துத் தம் தேவைக்கு வளைத்தவர்களே. அடுத்த முறை நம்முடையதாக இருக்கட்டும். கல்லடியில் படிக்கும் இசை மாணவர்களே, கணினி தெரிந்த ஒரு நண்பரைச் சேர்த்துக்கொண்டு, யாழ் நூலின் கணக்கை அந்தக் கோப்பில் தட்டச்சு செய்து எல்லோருக்கும் இலவசமாகக் கொடுங்கள். இருபத்திரண்டு விகிதங்கள்தான், ஒரு பின்னேரம் போதும்.