டூம் விளையாட்டும் என் மகனின் நோட்டும்

1993 டிசம்பர் 10-ல் அமெரிக்காவின் இட் சாஃப்ட்வேர் நிறுவனம் 'டூம்' என்ற கணினி விளையாட்டை வெளியிட்டது. துப்பாக்கி பிடித்தவன் கண்வழியே நாமே பார்ப்போம். முதல் பாகம் இலவசம், மீதிக்குக் காசு. ஃப்ளாப்பியில் பிரதி எடுத்தே ஊர் ஊராகப் பரவியது.

சில வருடம் கழித்து, தஞ்சாவூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் என் மகன் இதை விளையாடக் கண்டு அடித்து இழுத்து வந்தேன். அழுதுகொண்டே நோட்டைக் காட்டினான். நம் வயலின் புலப்படம் போல அறைகளை வரைந்திருந்தான்.

டூமின் உள்வேலையும் அதுதான்: தட்டையான வரைபடம், ஒவ்வொரு பகுதிக்கும் தரை உயரம், கூரை உயரம். ஆகவே அறைமேல் அறை வராது. 1997-ல் ஜான் கார்மேக் அதன் மூல நிரலையே எல்லோருக்கும் திறந்துவிட்டார்.

கணக்குச் சொல்லிக்கொடுத்த நான், அந்த நோட்டை அன்று சரியாகப் பார்க்கவில்லை. நீங்கள் அடிப்பதற்கு முன் நோட்டைப் பாருங்கள்.