கருவில் வளரும் மூளை... வளைகாப்புக்கு முன்பே நடந்துமுடியும் வேலைகள்!

`நாள் தள்ளிப்போச்சு, டெஸ்ட்ல ரெண்டு கோடு வந்திருக்கு' என்று வீட்டில் சொல்லி, டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கிப் போய் உட்காரும்போது பெரும்பாலும் ஏழெட்டு வாரம் ஆகியிருக்கும். ஆனால், குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் `நரம்புக்குழாய்', கரு உண்டான 28 நாள்களுக்குள்ளேயே மூடிவிடும். சரியாக மூடாவிட்டால் முதுகுத்தண்டிலோ, மண்டையோட்டிலோ பிறவிக் குறைபாடு வரலாம். அதைப் பெருமளவு தடுப்பது ஃபோலிக் ஆசிட். 1991-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு இதை உறுதிசெய்தது. அதனால்தான், குழந்தைக்குத் திட்டமிடும்போதே தினமும் 400 மைக்ரோகிராம் மாத்திரையைத் தொடங்கிவிடச் சொல்கிறார்கள். ஏற்கெனவே இந்தக் குறைபாட்டுடன் குழந்தை பிறந்திருந்தால் அளவு பல மடங்கு கூடும்; அதை டாக்டர்தான் முடிவுசெய்ய வேண்டும்.

அடுத்தது தைராய்டு. கருவின் சொந்த தைராய்டு முழுமையாக வேலைக்கு வர ஏறக்குறைய நாலைந்து மாதம் ஆகும். அதுவரை மூளை வளர்ச்சிக்கான ஹார்மோனை அம்மாவிடமிருந்துதான் அது கடன் வாங்குகிறது. `வயித்துல புள்ளை இருக்கு, எதுக்கு இவ்வளவு மாத்திரை' என்று தைராய்டு மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிடுபவர்கள் உண்டு. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். சொல்லப்போனால், கர்ப்பகாலத்தில் பலருக்கும் டோஸைக் கூட்டவே வேண்டியிருக்கும். தைராய்டு மாத்திரைக்கும் இரும்புச்சத்து மாத்திரைக்கும் இடையில் நாலு மணி நேர இடைவெளி வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை போட்ட கையோடு டீ, காபி குடித்தால் சத்து சரியாக உடம்பில் சேராது.

இந்த ஹார்மோனுக்கு மூலப்பொருள் அயோடின். கர்ப்பிணிகளுக்கு தினமும் 250 மைக்ரோகிராம் தேவை. இப்போது `ஹெல்த்தி' என்று பல வீடுகளில் இந்துப்புக்கு மாறிவிட்டார்கள். அதில் இயற்கையாக இருக்கும் அயோடின் மிகக் குறைவு. பாக்கெட்டில் `அயோடின் சேர்க்கப்பட்டது' என்று இருக்கிறதா எனப் பார்த்து வாங்குங்கள். குங்குமப்பூவுக்குச் செலவழிக்கும் அக்கறையில் கொஞ்சத்தை உப்பு டப்பா பக்கம் திருப்பலாம்!

மீன் சாப்பிடலாமா? தாராளமாக. மத்தி, நெத்திலி போன்ற சின்ன மீன்களில் மூளைக்குத் தேவையான ஒமேகா 3 கொழுப்பு இருக்கிறது. சுறா போன்ற பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும் என்பதால், கர்ப்பகாலத்தில் சுறாப்புட்டு வேண்டாம்.

மதுவில் `இவ்வளவு குடிச்சா ஒண்ணும் ஆகாது' என்ற பாதுகாப்பான அளவே கிடையாது. சிகரெட்டைப் பொறுத்தவரை, கணவர் பால்கனியில் நின்று பிடிப்பதும் போதாது; நிறுத்துவதுதான் வழி. விறகடுப்புப் புகையும் குழந்தையின் எடையைக் குறைக்கும்.

மன அழுத்தம் பற்றி ஒரு வார்த்தை. ஆபீஸில் ஒருநாள் டென்ஷனானதற்காகப் பயப்பட வேண்டாம். அம்மாவின் ஸ்ட்ரெஸ் ஹார்மோனில் பெரும்பகுதியை நஞ்சுக்கொடியே வடிகட்டிவிடும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பில்லை, அழுகையாக வருகிறது என்றால், `மசக்கைதான்' என்று விட்டுவிடாமல் அடுத்த செக்கப்பில் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.