போகின்னா பெட்டி இல்லீங்க!

நம்ம ஊர்ல "எந்த போகி?" என்று கேட்டால் "எஸ் 7" என்று பதில் வரும். இங்கே புனேயிலும் அதே கதைதான். உண்மையில் போகி என்பது பெட்டி இல்லை, பெட்டிக்கு அடியில் இருக்கும் சக்கர வண்டி. இரண்டு அச்சு, நாலு சக்கரம், ஒரு இரும்புச் சட்டம், சில வில்கள். ஒரு பெட்டிக்கு இரண்டு போகி. அமெரிக்கர்கள் இதையே டிரக் என்கிறார்கள்.

மாதிரி ரயில் செய்கிறவர்களுக்குத் தலைவலியே இதுதான். பெட்டியை அட்டையிலோ பித்தளைத் தகட்டிலோ செய்துவிடலாம். போகிக்கு எங்கே போவது?

கொஞ்சம் சரித்திரம். அந்தக் காலத்துப் பெட்டிகளுக்குப் பட்டை வில் போட்ட போகிகள். 1955 அக்டோபர் 2-ல் பெரம்பூர் ஐ.சி.எஃப்.பை நேரு திறந்து வைத்தார். தொழில்நுட்பம் சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் கம்பெனியுடையது. அந்த வடிவமைப்பிலிருந்து வளர்ந்ததுதான் முழுக்கச் சுருள் வில் வைத்த நம்ம ஐ.சி.எஃப் போகி. பக்கவாட்டில் பார்த்தால் ஒவ்வொரு அச்சுப் பெட்டிக்கும் இரண்டு பக்கமும் ஒவ்வொரு வில். அந்த வில்களுக்குள்ளே எண்ணெயில் மூழ்கி ஏறி இறங்கும் உருளை. நடுவில் பெட்டியைத் தாங்கும் பெரிய வில்கள். நம்மைத் தாலாட்டித் தூங்க வைத்தது இந்தக் கூட்டணிதான் :-)

இப்போ கணக்கு. இரண்டு அச்சுக்கும் இடையே 2896 மி.மீ. சக்கர விட்டம் 915 மி.மீ. 87-ல் ஒரு பங்காகச் சுருக்கும் எச்.ஓ அளவில் இது 33.3 மி.மீ, 10.5 மி.மீ. கடையில் இந்த அளவுக்குக் கிட்ட வருவது, ஆச்சரியமாக, பிரிட்டிஷ் மார்க் 1 பெட்டியின் போகி. நிஜத்தில் அதன் அச்சு இடைவெளி 8 அடி 6 அங்குலம்தான். ஆனால் அவர்கள் மாதிரி செய்வது 76-ல் ஒரு பங்கில், அதனால் 34 மி.மீ வந்துவிடுகிறது. சரி, மாட்டிவிடலாமா? சக்கரம் 14 மி.மீ! அதை மாற்றினாலும் முகம் வேறு. நீளம் பொருந்தும், ஜாடை பொருந்தாது.

இன்னொரு சமரசமும் உண்டு. நம்ம அகலப்பாதை 1676 மி.மீ. எச்.ஓ-வில் 19.3 மி.மீ வரவேண்டும். விற்கும் தண்டவாளமோ 1435 மி.மீ பாதைக்கான 16.5 மி.மீ. பெரும்பாலானவர்கள் இதைப் பொறுத்துக்கொள்கிறார்கள். முன்னாலிருந்து பார்த்தால்தானே தெரியும்!

வேடிக்கை என்னவென்றால், எல்.எச்.பி பெட்டிக்கு இவ்வளவு கஷ்டமில்லை. 2000-ல் ஜெர்மனியிலிருந்து வந்து, பிறகு கபூர்தலாவில் தயாரான பெட்டி அது. அதன் ஃபியட் போகிக்கு அச்சு இடைவெளி 2560 மி.மீ, அதாவது எச்.ஓ-வில் 29.4. ஐரோப்பாவின் யூரோஃபிமா பெட்டிகளுக்குக் கீழே ஓடுவதும் இதே குடும்பம்தான். அதன் மாதிரிகள் அங்கே கடையிலேயே கிடைக்கின்றன. ஆக, வெளிநாட்டிலிருந்து வந்த போகி கைக்கு எட்டுகிறது. பெரம்பூரில் ஆயிரக்கணக்கில் செய்த போகிக்கு முப்பரிமாண அச்சுதான் கதி.

அந்த அச்சுக்குச் சரியான அளவும் படமும் வேண்டும். அங்கேதான் அவசரம். 2018 ஜனவரியோடு ஐ.சி.எஃப் வடிவப் பெட்டி தயாரிப்பது நின்றுவிட்டது. ஓடி முடித்த பெட்டிகளில் சில கார் ஏற்றும் வண்டிகளாகின்றன, மற்றவை பழைய இரும்புக்குப் போகின்றன. அரும்பொருளகத்தில் ஒரு பெட்டியை வைப்பார்கள், சரி. ஆனால் ஏசி, பொது, பார்சல் என்று பெட்டிக்குப் பெட்டி வில்லும் பிரேக்கும் கொஞ்சம் கொஞ்சம் மாறுமே, அதையெல்லாம் யார் வைப்பார்கள்?

அதனால் ஒரு வேண்டுகோள். ஸ்டேஷனில் எதிர் பிளாட்பாரத்தில் நீல நிற ஐ.சி.எஃப் ரயில் நின்றால், இந்தப் பக்கம் நின்றபடியே போகியை நேராக ஒரு படம் எடுத்து வையுங்கள். பெட்டி எண்ணும் தெரியட்டும். முகத்தை எல்லோரும் எடுக்கிறார்கள். காலை எடுக்கத்தான் ஆள் இல்லை.