தள்ளிப்போகும் கொகுஹாகு: ஜப்பானியக் காதல் நகைச்சுவை அனிமேயில் பாத்திரங்களின் அகக்காரணம்

ஜப்பானியக் காதல் நகைச்சுவை அனிமேத் தொடர்களின் கதைக்கட்டு பெரும்பாலும் ஒரே செயலைச் சுற்றி அமைகிறது. கொகுஹாகு என்று ஜப்பானியர் வழங்கும் அச்செயல், ஒருவர் தம் விருப்பத்தை மற்றவரிடம் நேரில் சொல்லி மறுமொழி கேட்பதைக் குறிக்கும். அதன் பிறகே இருவரும் காதலர் என்று கொள்ளப்படுவதால், அது நிகழ்ந்ததும் பல தொடர்களில் கதையே முடிந்துவிடுகிறது. எனவே கதாசிரியர் அதைத் தள்ளிப்போட்டாக வேண்டும். தள்ளிப்போவதற்குப் பாத்திரங்களிடம் ஒரு காரணமும் இருந்தாக வேண்டும். அக்காரணம் 1980களிலிருந்து எங்கெங்கே இடம் மாறியது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

1981 அக்டோபர் முதல் 1986 மார்ச் வரை ஃபுஜி தொலைக்காட்சியில் ஓடிய உருசெய் யாட்சுரா, ருமிகோ தகஹாஷி 1978இல் வார இதழில் தொடங்கிய மங்காவை, அதாவது தொடர் படக்கதையை, அடிப்படையாகக் கொண்டது. ஜப்பானியச் சிறுவர் ஓடிப்பிடித்து விளையாடும்போது துரத்துபவரை அரக்கர் என்று பொருள்படும் ‘ஒனி’ என்ற பெயரால் அழைப்பர். வேற்றுக்கோளிலிருந்து வரும் லம் உண்மையிலேயே ஒனி குலத்துப் பெண், ஆனால் இக்கதையில் ஓடுபவள் அவள்தான். அவளுடைய கொம்பை நாயகன் அதாரு பத்து நாளுக்குள் பிடித்தால் பூமி தப்பும் என்ற நிலையில், வென்றால் மணந்துகொள்வதாக அவனுடைய தோழி ஷினோபு வாக்களித்திருக்க, கடைசி நாளில் கொம்பைப் பற்றிய அதாரு இனித் தனக்குக் கல்யாணம் என்று கத்துகிறான். லம் அதைத் தன்னிடம் சொன்னதாகவே எடுத்துக்கொண்டு அவன் வீட்டிலேயே தங்கிவிடுகிறாள். ஒரு சொல்லைத் தவறாகக் கேட்டதுதான் இங்கே கதையை ஓட்டுகிறது.

வெறும் சிரிப்பில் தொடங்கி மன ஆழத்துக்குச் சென்ற நேர்கோட்டு வளர்ச்சியாக இவ்வரலாற்றைக் காண்பது பொருந்தாது. அதே தகஹாஷி 1980இலேயே மேசான் இக்கோகு கதையைத் தொடங்கிவிட்டார். 1986 முதல் 1988 வரை 96 பகுதிகளாக அனிமேயில் வந்த இக்கதையில், பழைய வாடகைக் குடியிருப்பொன்றின் மேலாளராக வரும் கியோகோ கணவனை இழந்த இளம்பெண். இறந்த கணவன் சோயிச்சிரோவின் பெயரே அவளுடைய நாய்க்கும் வழங்குகிறது. அவள் நாயைக் கூப்பிடும்போதெல்லாம் பார்வையாளர் சிரிக்கிறார், ஆனால் அந்த அழைப்பில் அவளுடைய துயரமும் ஒலிக்கிறது. பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தோற்று மீண்டும் படிக்கும் கொதாய் அவளை விரும்பியும் பேசாமலிருப்பதற்கு அச்சமும் வருவாயின்மையும் காரணம்; அவள் விலகி நிற்பதற்கு, மறப்பது துரோகமாகிவிடுமோ என்ற உறுத்தல் காரணம். முடிவை நெருங்கும்போது கொதாய் சோயிச்சிரோவின் கல்லறை முன் நின்று, அவளுடைய நெஞ்சில் இருக்கும் அவரையும் சேர்த்தே ஏற்றுக்கொள்வதாகச் சொல்வதை கியோகோ தற்செயலாகக் கேட்டுவிடுகிறாள். போட்டியாளனை வெல்வதால் அன்றி, இறந்தவருக்கு இடம் கொடுப்பதால் அவ்விருவரும் சேர்கின்றனர். இவ்வகைக் கதைகளில் இதைவிட நேர்மையான தீர்வு அரிது.

பின்வந்த பல தொடர்கள் இவ்வழியைத் தொடரவில்லை. முக்கோணக் காதல், பெற்றோர் முடிவுசெய்த நிச்சயம், முடிவின்றிப் பெருகும் போட்டியாளர்கள் ஆகியவையே தாமதத்துக்குப் போதுமானவையாக இருந்தன. முதலில் சிடுசிடுத்துப் பின்னர் குழையும் பாத்திர வகையைச் சுட்டும் ‘சுன்தெரே’ என்ற சொல்லும் காலப்போக்கில் பரவியது. இதனைத் தமிழின் ஊடலோடு ஒப்பிடத் தோன்றலாம். ஆயினும் ஊடல் கூடியவர்க்கிடையே எழும் உரிமைக் கோபம், சுன்தெரேயோ உரிமை இன்னும் கிடைக்காதவரின் தற்காப்பு.

1998இல் ஹிதெயாகி அன்னோ இயக்கிய கரேகானோ வேறொரு வாயிலைத் திறந்தது. மசாமி சுடாவின் மங்காவிலிருந்து பிறந்த இத்தொடரின் நாயகி யுகினோ, பள்ளியில் குறையற்ற மாணவி. வீட்டிலோ பழைய விளையாட்டு உடையில் சோம்பிக் கிடப்பவள். புகழுரை கேட்கும் ஆசையே தன்னை இயக்குகிறது என்பதை அவளே வெளிப்படையாக ஒத்துக்கொள்கிறாள். நாயகன் அரிமாவும் நல்லவனாக நடிப்பவன்தான், ஆனால் அவன் நடிப்பதற்கு, தன்னைப் பெற்றவர்களின் தீய குணம் தன் இரத்தத்திலும் இருக்குமோ என்ற பயம் காரணம். முதற்சில பகுதிகளிலேயே இருவரும் காதலராகிவிட, முகமூடியைக் கழற்றிய பின் எப்படி வாழ்வது என்பதே கதையின் கேள்வியாகிறது.

யூயுகோ தாகெமியாவின் நாவல் வரிசையைத் தழுவி, தத்சுயுகி நகாய் இயக்கத்திலும் மாரி ஒகாதாவின் தொடர் எழுத்தமைப்பிலும் 2008 அக்டோபரில் தொடங்கிய தொரதோராவில் சிரிப்பு, மன ஆழம் ஆகிய இரு மரபுகளும் கலக்கின்றன. நாயகி தாய்கா தன் காதல் கடிதத்தைத் தவறுதலாக நாயகன் ரியூஜியின் பையில் வைத்துவிட்டு, அதை மீட்க இரவில் மரவாளோடு அவன் வீட்டுக்குள் புகுகிறாள். உறையோ வெறுமை, கடிதத்தை உள்ளே வைக்கவே அவள் மறந்திருந்தாள். பசியால் மயங்கி விழுந்தவளுக்கு அவன் வறுத்த சோறு செய்து தருகிறான். நகைச்சுவைக்காகவே வைத்ததாகத் தோன்றும் அப்பசிக்குக் காரணம், பெற்றவரால் தனிக் குடியிருப்பொன்றில் ஒதுக்கி வைக்கப்பட்ட அவளுக்குச் சமைத்துத் தர ஆளில்லை என்பது. இரவு வேலைக்குச் செல்லும் தாயோடு தந்தையின்றி வளர்ந்ததால் ரியூஜிக்குச் சமையலும் துப்புரவும் பழக்கம். தாய்காவின் தந்தை திரும்பி வரும்போது அவரை நம்பும்படி அவன் அவளை வற்புறுத்துகிறான். தனக்குக் கிடைக்காத தந்தையை அவளுக்காவது வாங்கித் தரும் ஏக்கம் அதில் இருக்கிறது, ஆனால் அவர் வாக்குத் தவறுவதால் காயப்படுபவள் அவளே. சிரிப்பும் காயமும் ஒரே வேரிலிருந்து முளைப்பதால்தான் இப்பாத்திரங்களின் தயக்கம் செயற்கையாகத் தெரிவதில்லை.

அகா அகாசாகாவின் மங்காவைத் தழுவி 2019இல் வந்த ககுயா-சமா, கொகுஹாகுவின் தாமதத்தையே வெளிப்படையான போட்டியாக்கியது: முதலில் சொல்பவர் தோற்றவர் என்று நாயகனும் நாயகியும் கருதுகின்றனர். தொடக்கத்தில் ஆணவமாகத் தோன்றும் அது, மெல்ல மெல்ல வேறொன்றாக விரிகிறது. தாய் விட்டுச்சென்ற வீட்டில் வளர்ந்த நாயகன் ஷிரோகானே, திறமை குறைந்தால் யாரும் தன்னை நேசிக்கமாட்டார் என்று நம்புபவன். ஆகவேதான் முதல் முத்தத்துக்குப் பின்னரும் அவனால் பலவீனத்தைக் காட்ட முடிவதில்லை. 2022 டிசம்பரில் வந்த திரைப்படம் அத்தடையையே கருவாகக் கொண்டது.

அதே 2022இல் உருசெய் யாட்சுரா மறுபடியும் தொடராகத் தொடங்கி, 2024இல் மங்காவின் இறுதிக் கதையோடு நிறைவுற்றது. மீண்டும் பத்து நாள், மீண்டும் ஓடிப்பிடிக்கும் ஆட்டம். காதலிக்கிறேன் என்று அதாரு சொல்லாவிட்டால் லம் பற்றிய நினைவே அனைவரிடமிருந்தும் அழிந்துவிடும். கட்டாயத்தின்பேரில் சொன்னால் அது உண்மையென்று எப்படி நம்புவாள் என்பதற்காகவே அவன் வாய் திறவாமல் ஓடுகிறான். இறுதியில் அவன் தடுமாறி விழும்போது, மறந்துவிடக் கூடாதென்று இறுகப் பற்றியிருந்த லமின் பழைய கொம்பு அவன் கையிலிருந்து தரையில் உருள்கிறது.