மரக்கால், களி, முட்டை: கடைமடைச் சிறுமியரின் உணவு வரலாறு

நெற்களஞ்சியம் என்று பெயர் பெற்ற காவிரிப் பாசனப் பகுதியின் கடைமடையில், அதாவது ஆற்று நீர் கடைசியாக வந்து சேரும் நாகப்பட்டினத்துச் சிற்றூர்களில், பருவமெய்தும் வயதுப் பெண்ணின் தட்டில் எவ்வளவு சோறு விழுந்தது என்பதை வயலின் விளைச்சல் மட்டும் தீர்மானிக்கவில்லை. கூலி அளந்த மரக்காலும், வீட்டில் யார் முதலில் உண்பது என்ற வரிசையும், சடங்கும், பிற்காலத்தில் பள்ளிச் சமையற்கூடமும் அதைத் தீர்மானித்தன.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பண்ணையாட்களின் கூலி பெரும்பாலும் நெல்லாகவே அளக்கப்பட்டது. நடவும் களையெடுப்பும் பெண்களின் கையில் இருந்தபோதிலும் அவர்களுக்கான அளவு ஆண்களுடையதைவிடக் குறைவாகவே இருந்தது. சம்பா நடவு முடிந்தபின் தை அறுவடை வரையிலான மாதங்களில் வேலையும் நெல்லும் ஒருசேர அருகியதால், வயல் நண்டும் நத்தையும் வரப்புக் கீரையும் நீராகாரமுமே கூலிக் குடும்பங்களின் வயிற்றை நிரப்பின. ஆண்களும் சிறுவர்களும் உண்டபின் பானையில் எஞ்சியதே தாய்க்கும் மகளுக்கும் உரியது. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட போராட்டத்தின் உச்சத்தில், 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். இறந்தோரில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் ஆவர். இப்பகுதியின் உணவு வரலாற்றை இந்நிகழ்வை விலக்கிவிட்டு எழுத இயலாது.

சோற்றின் அளவு ஒருபுறமிருக்க, அதன் தன்மையும் மாறிவந்தது. உரலில் குத்திய அரிசியின் இடத்தை ஆலையில் தீட்டிய அரிசி பிடித்தபோது, தவிட்டோடு சேர்ந்து உயிர்ச்சத்துகளும் நீங்கின. இதைக் குன்னூரில் ஆய்வு செய்த இராபர்ட் மெக்காரிசனும், 1935 முதல் அங்குள்ள ஆய்வகத்தின் இயக்குநராக இருந்த அய்க்ராய்டும், நெல்லை அவித்து உலர்த்திய பின் அரைக்கும் புழுங்கலரிசியில் பி1 உயிர்ச்சத்து பெருமளவு தங்குகிறது என்பதைக் கவனப்படுத்தினர். தமிழ்நாட்டின் புழுங்கல் வழக்கம் பெரிபெரி நோயைத் தடுத்தது உண்மையே. ஆனால் வளரும் பெண்ணுக்குத் தேவையான இரும்புச்சத்தையும் புரதத்தையும் சோறு மட்டும் ஈடுசெய்துவிடவில்லை.

அத்தேவையை மரபு ஒருவகையில் உணர்ந்திருந்தது என்பதற்குப் பூப்புச் சடங்கின் உணவே சான்று. தோலுடன் கூடிய கறுப்பு உளுந்தைப் பச்சரிசியோடு வறுத்து இடித்த மாவைக் கருப்பட்டிப் பாகில் கிளறி, நடுவே குழி செய்து நல்லெண்ணெய் வார்த்துத் தரும் களியும், பச்சை முட்டையும் பெண்ணின் இடுப்புக்கு வலுவூட்டும் என்று நம்பப்பட்டன. பூசினாற்போன்ற உடலே நலத்தின் அடையாளமாகக் கொள்ளப்பட்டது. எனினும் இந்தச் செழிப்பு தீட்டுக் காலம் முடியும்வரைதான். தண்ணீர் ஊற்றிப் பெண்ணை வீட்டுக்குள் அழைத்தபின் பழைய வரிசையே திரும்பியது. பல குடும்பங்களில் அந்நாளே பள்ளிப் படிப்பின் முடிவாகவும் அமைந்தது. ஆகவே சடங்கு ஊட்டியது பெண்ணின் திருமணத் தகுதியையே, அவளுடைய நீண்ட வளர்ச்சியை அன்று எனக் கூறுவது மிகையாகாது.

பள்ளி உணவு இந்த இடைவெளியை மெதுவாகவே எட்டியது. காமராசர் ஆட்சியில் 1956இல் தொடங்கிய மதிய உணவு தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளை முதன்மையாகக் கருதியது. 1982 சூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டமும் முதலில் இரண்டு முதல் ஒன்பது வயது வரையிலானவர்களுக்கே உரியதாயிருந்து, 1984இல்தான் பதினைந்து வயது வரை நீண்டது. பூப்பெய்திய பெண்ணுக்கு நாள்தோறும் பொது இடத்தில், ஆணோடு சம அளவில், பிறர் உண்டு முடிக்கும்வரை காத்திராமல் சோறு கிடைத்தது என்பதே இதன் பெரிய சாதனை. 1989இல் இரு வாரத்துக்கு ஒன்றாக வந்த முட்டை, 2010இல் வாரத்துக்கு ஐந்தாயிற்று. அதே 1989இல் வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம், உதவிபெறப் பெண் எட்டாம் வகுப்பு வரை படித்திருக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்ததால், பெண்கள் பள்ளியில் நீடிக்கவும் ஒரு காரணம் பிறந்தது.

எடையைப் பார்வையால் மதிப்பிட்ட வழக்கமும் மாறிற்று. கிலோகிராமில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறும் உடல் நிறை குறியீட்டெண், வளரிளம் பருவத்தினரைப் பொறுத்தவரை, உலக நலவாழ்வு நிறுவனம் 2007இல் வெளியிட்ட வயதுவாரி அளவுகளோடு ஒப்பிடப்படுகிறது. அவ்வாறு ஒப்பிடும்போது மெலிந்த பெண்ணும் மிகை எடையுள்ள பெண்ணும் ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கக்கூடும். இருவருக்குமே இரத்தசோகை இருக்கவும் கூடும். வாரம் ஒருமுறை வழங்கப்படும் நீலநிற இரும்புச்சத்து மாத்திரை இதற்காகவே வந்தது.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 அன்று மாநிலம் முழுவதற்குமாக விரிவாக்கப்பட்டது நாகப்பட்டினம் மாவட்டத்துத் திருக்குவளையில்தான். ஆயினும் அது ஐந்தாம் வகுப்போடு நின்றது. பெண்ணுடல் மிக வேகமாக வளரும் ஆண்டுகளோ பெரும்பாலும் அதற்குப் பின்னரே வருகின்றன. ஆறாம் வகுப்புக்குச் செல்லும் மாணவிக்கும் காலை உணவு தேவை.